மேகம் எழும்பவில்லை

"வாயைத் திறவுங்கோ," என்று ராஜகுமாரி மூன்றாம் முறையாகச் சொல்லி, தேக்கரண்டியைக் கணவரின் உதட்டில் வைத்தாள். பார்லித் தண்ணீர் உள்ளே போகாமல் தாடையில் வழிந்தது. துடைத்துவிட்டாள். ஆறு கிழமையாக இதே வேலை. இடுப்பு விட்டுப்போயிற்று. அழுகைகூட வரவில்லை, அலுப்புத்தான் வந்தது.

ராஜரத்தினம் வாத்தியார் லேசுப்பட்ட மனிதரா? யாழ்ப்பாணத்திலிருந்து ஈப்போ, அங்கிருந்து குவாந்தான், பிறகு சிங்கப்பூர், மூன்று வருடமாக இந்த வென்ட்வேர்த்வில் வாடகை வீடு. ஒவ்வொரு முறையும் சாப்பாட்டுக்குப் பிறகு வேதாகமத்தை மூடிவைத்து, "மேகம் எழும்பீட்டுது," என்பார். வனாந்தரத்தில் இஸ்ரவேலரின் கூடாரத்துக்கு மேல் நின்ற மேகம் எழும்பினால் அவர்களும் எழும்பி நடக்கவேண்டும், அது கர்த்தரின் கட்டளை. அந்தச் சொல்லுக்கு இந்த வீட்டில் மறுசொல் கிடையாது. மறுநாளே பெட்டி கட்டு. கடவுளே சொன்ன பிறகு பெண்சாதி என்னத்தைச் சொல்ல?

ஈப்போவில் மட்டும் அவள் வாய் திறந்தாள். நாலு மாதக் குழந்தையைச் சேமக்காலையில் புதைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. செத்துப்போன யோசேப்பின் எலும்புகளை இஸ்ரவேலர் நாற்பது வருடம் சுமந்தார்களே, என் பிள்ளையை மட்டும் விட்டுவிட்டுப் போவதா என்று கேட்டாள். அப்போதும் மேகம்தான் பதில். அன்றைக்குக் கடவுளோடு பேச்சை விட்டவள்தான். இருபத்துநாலு வருடம். ஜெபத்தில் உதடு அசையும், அவ்வளவுதான்.

"இஞ்சேரும்," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "உமக்கு ஒண்டு சொல்லவேணும்."

"களைக்காமல் படுங்கோ."

"ஈப்போவிலை மேகம் எழும்பேல்லை."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கர்த்தர் ஒண்டும் சொல்லேல்லை. நான்தான்... எங்கடை பிள்ளையின்ரை சேமக்காலையைத் தாண்டித்தான் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் போகவேணும். என்னாலை ஏலாமல் போச்சு. உள்ளதைச் சொன்னால் நீர் வரமாட்டீர் எண்டு..."

அட பாவி மனுசா! அவளுக்கு நெஞ்சு கொதித்தது. எழுந்து குசினிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் விம்மி விம்மி அழுதாள். பிள்ளைக்கும் அழுதாள். தனக்கு மட்டும்தான் பாரம் என்று இத்தனை காலம் நினைத்திருந்த மடத்தனத்துக்கும் அழுதாள்.

திரும்பி வந்தபோது, "கோபமோ?" என்று கேட்டார்.

"ஆளை மாறிக் கோபிச்சுப்போட்டன் அப்பா, இவ்வளவு நாளும்," என்று சொல்லி, குளிர்ந்திருந்த அவர் காலைக் கம்பளியால் மூடினாள். அவர் விரலைப் பிடித்தபடியே இருந்தாள். பின்னேரம் மூன்று மணிக்கு மூச்சு நின்றது.

மறுநாள் காலை, ஈப்போவை விட்ட பிறகு பிறந்த ஒரே மகள் கிரேஸ், அடக்க ஆராதனைக்குக் கோவிலில் அப்பாவைப் பற்றி வாசிக்கவேண்டியதை எழுதிக்கொண்டு வந்து தாயருகில் உட்கார்ந்தாள். செய்தி கேட்டு முதல்நாள் தாதிவேலையால் நேரே வந்தவள், இன்னும் யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை.

"கேளுங்கோ அம்மா. 'அப்பா தன்ரை வாழ்க்கையிலை எங்கை போனாலும் கர்த்தர் அவருக்கு முன்னாலை போனவர்.' ஓகேதானே?"

ராஜகுமாரி தாளை எட்டிப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் இவள் மனதில் இருக்கும் அப்பா என்னாவார்?

"முன்னாலை எண்டதை வெட்டு," என்றாள். "பின்னாலை எண்டு போடு."

"பின்னாலையோ? மேகம் முன்னாலைதானே போகும்? அப்பா எத்தினை தரம் சொன்னவர்!"

"ஓம், சொன்னவர்தான். நாங்கள் எங்கடை பாட்டுக்குப் போனம் பிள்ளை. கர்த்தர் விடாமல் பின்னாலை வந்தவர். நான் கதைக்காமல் விட்டும் வந்தவர். பாவம், அவரும் நல்லாக் களைச்சிருப்பார்."

கிரேஸ் தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு சொல்லை வெட்டி, அதற்கு மேலே இன்னொன்றை எழுதினாள்.

ராஜகுமாரி செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிப்போன கால்களைத் தூக்கி எதிர்க் கதிரையில் நீட்டிக்கொண்டாள்.