கப்பி விட்டுப்போன குஞ்சுகள்

தொட்டியைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. மீன்குஞ்சு எதுவும் வாலை நீர்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்காது. இவை தொங்கின. கண்ணாடியைத் தட்டினேன். மொத்தக் கூட்டமும் நெளிந்து நெளிந்து அடியில் இருந்த செடிகளுக்குள் இறங்கியது. நூறுக்குக் குறையாது.

"பாத்தியா, எம்புட்டுக் குஞ்சு!" என்றார் நாகலெட்சுமி அத்தை, என் அக்கா உமாவின் மாமியார். "கப்பி மீனு வயித்தத் தள்ளிக்கிட்டுக் கெடந்துச்சு. போன வாரம் சோடியா ரெண்டும் செத்து மெதந்துருச்சு. ஆனா சாகுறதுக்கு முன்னாடி குஞ்ச விட்டுட்டுப் போயிருக்கு பாரு."

"அத்தை, இது குஞ்சு இல்ல. புழு. கொசுப்புழு."

நான் பி.எஸ்சி. விலங்கியல். ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்தில் ஊரான் வயலில் நாற்று நடுகிற குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். அந்தப் படிப்புக்குக் கிடைத்தது கொசு ஒழிப்பில் தினக்கூலி வேலை. வீடு வீடாகப் போய் பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டி, பழைய டயர் எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். "புழு இருக்குங்க" என்று சொன்னால் எந்த வீட்டிலும் முகம் மாறிவிடும். நீங்கள் அழுகிப்போனவர்கள் என்று நான் சொன்ன மாதிரி. அந்த முகங்கள் எனக்குப் பழகிவிட்டன. ஆனால் இது, எட்டு வருஷத்துக்குப் பிறகு மருமகள் ஆறு மாதம் முழுகாமல் இருக்கிற வீடு.

"வாயக் கழுவுடி!" என்றார் அத்தை. "மாசமா இருக்க புள்ளய நடுவீட்டுல வச்சுக்கிட்டு புழுவாம்ல புழு. அவ வயித்துல என்ன இருக்குன்னு நெனச்ச?"

"தொட்டியில இருக்கிறதத்தான சொன்னேன்."

மச்சான் காளீஸ்வரன் சிரித்தார். மூன்று மாதத் தாடி. பெண்டாட்டி மாசமாக இருந்தால் புருஷன் முடி வெட்டக்கூடாது, உயிரைக் கொல்லக்கூடாது. அந்த வீட்டில் இரண்டையும் கறாராகக் கடைப்பிடித்தார்கள்.

"ஏ வீரு, ஊரான் வீட்டு டயருக்குள்ள டார்ச் அடிச்சு அடிச்சு ஒனக்கு எதப் பாத்தாலும் புழுவாத்தான் தெரியும். தொட்டிக்குச் செடி வாங்குன கடைக்காரருக்கே வீடியோ அனுப்பிட்டேன். பொடிசுல எல்லாம் இப்பிடித்தான் நெளியும்னாரு."

"அவரு செடி விக்கிறவரு, மச்சான். மீனு இல்லாத தொட்டி, மோட்டாரையும் நிறுத்தி வச்சிருக்கீங்க."

"அந்தச் சத்தம் அவளத் தூங்க விடல."

"அப்பத் தண்ணிய வாளியில மொண்டு வெயில்ல தரையில ஊத்துங்க. அம்புட்டுத்தான் வேல."

"ஊத்துறதா?" அத்தை தொட்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "என் பேரனுக்கு முன்னாடி இந்த வீட்டுக்கு வந்த உசுரு. மாசமா இருக்க வீட்டுல எவளாச்சும் உசுரக் கொல்லுவாளா?"

"நேத்து வாளமீன் கொழம்பு வச்சீங்களாம்ல?"

"அது செத்து வந்தது."

இதற்கு எந்தப் பட்டமும் பதில் சொல்லாது. என் பையில் மருந்து பாட்டில் இருந்தது. அந்தத் தொட்டிக்குச் சில சொட்டுப் போதும், யாருக்கும் தெரியாது. நான் பையைத் திறந்ததை அக்கா பார்த்துவிட்டாள். கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"வேணாம்டி."

"இந்தத் தெருவுலயே ரெண்டு டெங்கு இருக்கு. மூணு வீடு தள்ளி டிரைவர் வீட்டுல ஒண்ணு. லிஸ்ட்டு என் கையில இருக்கு."

"இருக்கட்டும். எட்டு வருசமா என்னை மலடின்னு நேராச் சொல்லல. ஆனா ஒரு விசேஷத்துல முன்னால நிக்க விட்டதில்ல. கன்னுக்குட்டி போட்டாக்கூட என்னை மாட்டுக்கொட்டத்துக்குள்ள விட மாட்டாக. இப்பத்தான் தொட்டியில குஞ்சு வந்ததே ஒன் ராசிதான்னு வாரவக போறவககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காக. அதப் போயிப் புழுங்கிற."

"புழுவப் புழுங்காம?"

"வளைகாப்பு முடியட்டும். இருபது நாளுதான். அப்பறம் நானே ஊத்திருறேன், சத்தியமா."

அவள் எதையும் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை. அக்காவின் நிறத்தைப் பார்த்துத்தான் கடலாடிப் பக்கம் நிலபுலம் இருக்கிற அந்த வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். அன்றிலிருந்து அவள் எதையும் யாரிடமும் கேட்டதில்லை. முதல் தடவையாக என்னிடம் கேட்டாள். நான் பையை மூடினேன்.

வலைத்துணி ஒன்றை வாங்கி வந்து தொட்டியின் வாயை இறுக்கிக் கட்டினேன். மறுநாளே அத்தை அவிழ்த்துவிட்டாராம். குஞ்சுக்கு மூச்சு முட்டுமாம்.

நான் மறுபடி போய்க் கட்டியிருக்கலாம். போகவில்லை. அந்த வாரம் பாம்பனில் முகாம் போட்டிருந்தார்கள், விடிந்தால் பஸ், அடைந்தால் பஸ். காரணம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

வளைகாப்பு அன்று கூடம் நிறையப் பெண்கள். அக்காவின் இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். அத்தை வந்தவர்களை எல்லாம் தொட்டிக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார். "மருமக வயித்துல ஒண்ணு, தொட்டியில நூறு." பெண்கள் குனிந்து பார்த்து வியந்தார்கள். ஒருத்தி மட்டும், "என்ன அத்தாச்சி, போன வாரம் பெருசு பெருசா நின்னுச்சு, இப்ப எல்லாம் பொடிசா இருக்கு?" என்றாள்.

"பெருச எல்லாம் காணோம்டி. எவ கண்ணு பட்டுச்சோ. ஆனா புதுசா விட்டுருக்கு பாரு."

"செத்த கப்பி மறுபடி எப்பிடிப் பெத்துச்சு?" என்று கேட்டேன். கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. "பெருசு எங்கயும் போகல. றெக்க மொளச்சு இந்த வீட்டுக்குள்ளதான் சுத்துது. பகல்லதான் கடிக்கும். புழு வளந்தா கொசு. மூணாப்புப் புத்தகத்துல இருக்கு."

யாரோ ஒருத்தி, "நல்ல நாளும் அதுவுமா பேசுற பேச்சா இது?" என்றாள். அத்தை சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் வராமல் அப்படியே அடுத்த ஆளுக்கு நீட்டினார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கணுக்காலில் சின்னச் சின்னச் சிவப்புத் தடிப்புகள், ஏழெட்டு இருக்கும். நலங்கு மஞ்சளுக்குக் கீழேயும் தெரிந்தன. அதைப் பார்த்த பிறகும் நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் ஊருக்குப் பஸ் ஏறினேன்.

ஆறாம் நாள் அக்காவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. "லேசா காய்ச்சல். மூணு நாளா. சூட்டுக் காய்ச்சல்னு சொல்றாக. நான் சொன்னேன்னு சொல்லாத."

மூன்று நாள். ரத்தம் பார்க்கவில்லை. பார்த்து டெங்கு என்று வந்தால் ஊருக்குத் தெரிந்துவிடும், வாசலில் புகை மருந்து அடிப்பார்கள், தெரு முழுக்க வேடிக்கை பார்க்கும். அதனால் நெற்றியில் பற்றுப்போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள், தொட்டிக்குப் பக்கத்து அறையில். நான் கார் பிடித்துப் போனபோது அவள் ஈறில் ரத்தம் கசிந்திருந்தது. மச்சான் வாசலில் நின்றுகொண்டு, "நாளைக்கு நாள் நல்லா இருக்கு, காலையில கூட்டிப் போகலாம்னு அம்மா சொல்லுச்சு" என்றார்.

"ஏறுங்க கார்ல" என்றேன். அதற்கு மேல் நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். மதுரைக்குப் போகச் சொன்னார்கள். பரமக்குடி தாண்டியதும் அக்கா வயிற்றில் கையை வைத்து, "அசையலடி" என்றாள். மதுரை வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

பெண் குழந்தை. ஏழு மாதம். மறுநாள் மதியம் செத்துப் பிறந்தது. துணியில் சுற்றி நர்ஸ் வெளியே கொண்டுவந்தபோது மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை பின்னால் நகர்ந்தார். நான் வாங்கினேன். நகம் இருந்தது. இமை முடி இருந்தது.

அத்தை போனில் உறவுக்காரர் ஒவ்வொருவரிடமும் அழுதுகொண்டிருந்தார். "அவ தங்கச்சி வாயிதான். நல்ல நாளு அதுவுமா சபையில நின்னு புழுன்னாளே. சொன்ன சொல்லு போயி வயித்துல விழுந்துருச்சு."

எனக்கு எதிரேதான் சொன்னார். கையில் குழந்தை இருந்ததால் நான் ஒன்றும் செய்யவில்லை.

அக்காவுக்கு ரத்தத் தட்டணுக்கள் ஏற்றி, மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். பால் கட்டியிருந்தது. வலியில் புரள முடியாமல் படுத்திருந்தாள். நான் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். துடைத்துக்கொண்டிருக்கும்போதே சொன்னாள்.

"நீ அந்த வார்த்தையச் சொல்லாம இருந்திருக்கலாம்டி."

அவள் முகத்தைப் பார்த்தேன். கோபமாகச் சொல்லவில்லை. நம்பிச் சொன்னாள். சொன்னது தப்பில்லை அக்கா, சொல்லிவிட்டு ஊற்றாமல் போனதுதான் தப்பு என்று தொண்டை வரை வந்தது. அதைச் சொன்னால் என் கையைப் பிடித்து இழுத்தது யார் என்பதும் வரும். அதை அவள் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கும். துணியைப் பிழிந்து வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தேன்.

மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன். சொந்தக்காரர் வீட்டில் ஒருவருக்கு டெங்கு என்றேன். தெருப்பெயர் சொன்னேன், கதவு எண் சொன்னேன், கூடத்தில் கண்ணாடித் தொட்டி, ஒரு மாதத்துக்கு மேலாகப் புழு உற்பத்தி என்று சொன்னேன். இன்றைக்கே ஆள் அனுப்பச் சொன்னேன்.

"சொந்தக்காரவுக வீடுன்னியேம்மா? பகையாயிரும்."

"ஆகட்டும் சார். எழுதுங்க."

எழுதினார். நோயாளி பெயர் கேட்டார், உமாமகேஸ்வரி என்றேன். வயது கேட்டார், முப்பது. அடுத்த கேள்வி எனக்கே தெரியும். அந்தப் படிவத்தை நானே நூறு தடவை நிரப்பியிருக்கிறேன். அதில் ஆம், இல்லை என்று இரண்டே கட்டம்.

"கர்ப்பிணியாம்மா?"

உள்ளே அக்கா தண்ணீர் கேட்பது கேட்டது.

"இல்ல சார்" என்றேன். "இல்லன்னு போடுங்க."