வெட்டிய பதினொரு நிமிடங்கள்

கணினித் திரையில் நாற்பத்திரண்டு சதவீதத்தில் நின்ற பச்சைக் கோடு அசையவே மாட்டேன் என்றது. லிசா மேசையில் ஓங்கி அடித்தாள். டிவிடியை வெளியே எடுத்து, கீறலைச் சட்டை நுனியால் துடைத்து, ஊதி, மறுபடி உள்ளே தள்ளினாள். பூச்சியத்திலிருந்து தொடங்கியது. சனியன்!

ஜேர்மனியில், வுப்பர்டாலில் அண்ணன் டெனிஸ்டனின் வீட்டில் அவள் தனியாக இருந்தாள். அவனோ எசன் நகர ஆஸ்பத்திரியில், அப்பாவின் கட்டிலருகே இருந்தான். காலையில் அங்கே நடந்ததுதான் அவளை இங்கே விரட்டியது.

அப்பா பேனாட் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மன்னாரில் அப்பப்பா இறந்தபோது அப்பாவுக்கு இங்கே விசா இல்லை, போக முடியவில்லை. செத்தவீட்டை வீடியோ எடுத்து டிவிடியாக்கி அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளுக்குச் சாவு இப்படித் தபாலில்தான் வந்தது. அதில் ஓரிடத்தில் அப்பம்மா பெட்டியைக் கட்டிப்பிடித்து, "பேனாட், வா ராசா, உன்ர அப்பரை வந்து பார்" என்று கதறுவார். பிறகு யுத்தத்தில் அப்பம்மாவும் போய்விட்டார். அவருடைய குரல் வேறெங்கும் பதிவாகவில்லை.

"ரீவி வேண்டாம், கழுத்துத் திருப்பேலாது. கையில வச்சுப் பாக்கிற மாதிரி ஏத்தித் தாங்கோ," என்று அப்பா பிள்ளைகளிடம் கேட்டிருந்தார்.

டெனிஸ்டன் மூன்று நாள் மினக்கெட்டு, உள்ளங்கையளவு பிளேயர் ஒன்றில் ஏற்றிக்கொண்டு வந்தான். அப்பா இயர்போனைச் செருகிக்கொண்டு பார்த்தார். ஊர்வலம், கோயில், சேமக்காலையில் அடக்கம், வீடியோக்காரன் போட்ட சோகப் பாட்டு. அரை மணித்தியாலத்தில் முடிந்தது.

"அம்மா எங்க?"

"முழுசா மூண்டு மணித்தியாலம், அப்பா. கத்திற இடமெல்லாம் வெட்டிப்போட்டன். இந்த நிலைமையில நீங்கள் அழக்கூடாது," என்றான் டெனிஸ்டன், பெரிய உபகாரம் செய்தவன் போல.

அப்பா பிளேயரை மார்பில் கவிழ்த்து வைத்தார்.

லிசா அண்ணனை வெளியே இழுத்து வந்தாள். "உனக்கென்ன விசரே?" பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவனை 'நீங்கள்' என்றே கூப்பிட்டவள் அவள்.

"நல்லதுக்குத்தானே செய்தன்."

"ஆரின்ர நல்லதுக்கு? அவர் அழுறதை உனக்குப் பாத்துக்கொண்டு நிக்கேலாது. அதைச் சொல்லன்! வீட்டுத் திறப்பைத் தா. டிவிடி அங்கதானே கிடக்கு."

அப்படித்தான் சாவியை வாங்கிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். முழுப் படமும் வேண்டாம், அப்பம்மா கதறும் பதினொரு நிமிடம் போதும். நான்காவது முறை கோடு நூறைத் தொட்டது. நகமளவு மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டு ஸ்டேசனுக்கு ஓடினாள்.

ரயில் எசனுக்கு ஒரு ஸ்டேசன் முன்னால் நின்றது. காரணம் சொல்லவில்லை. கைபேசி அடித்தது.

"அப்பாவுக்கு மூச்சு இழுக்குது. கெதியா வா," என்றான் டெனிஸ்டன்.

பிளேயர் அங்கே, கார்டு இங்கே. அவளுடைய போனில் அதைச் செருக இடமில்லை. எழுந்து கதவைக் காலால் உதைத்தாள். "அப்பான்ர காதுக்கிட்டச் சொல்லு. அம்மாவைக் கொண்டு வாறன் எண்டு சொல்லு!" பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அறைக்குள் நுழைந்தபோது ஜன்னல் திறந்திருந்தது. தாதி அப்பாவின் கைகளைச் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். டெனிஸ்டன் மூலையில் நின்றான்.

"அப்பா போய் இருபது நிமிசமாகுது," என்றான்.

"சொன்னனியே?"

"சொன்னன். கண்ணைத் திறந்தவர்."

லிசா கார்டைப் பிளேயரில் போட்டாள். இயர்போனின் ஒரு முனையை அப்பாவின் காதில் செருகினாள். காது இன்னும் சூடாகவே இருந்தது. மற்ற முனையைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"இங்க வா."

"லிசா, இப்ப என்னத்துக்கு..."

"வா எண்டுறன்!"

வயர் குட்டை. டெனிஸ்டன் முழந்தாளிட்டு, அப்பாவின் கன்னத்தோடு கன்னம் வைத்துத் தலையணையில் சாய வேண்டியிருந்தது. லிசா அதை அவன் காதில் அழுத்திச் செருகி, சத்தத்தை முழுவதும் கூட்டி, படத்தை ஓட விட்டாள். பிறகு போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

நான்காவது நிமிடத்தில் டெனிஸ்டனின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.