இன்ஜின் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள்

1

இந்தக் கதையை எழுத ஆரம்பித்தது ஒரு ஸ்டியரிங்கில் கட்டித் தொங்கவிடுவதற்காக. எங்கள் மாலை வகுப்பு சரிசெய்த பழைய டிராக்டர் ஞாயிற்றுக்கிழமை ஏலத்துக்குப் போகிறது. வாங்க வருபவர்கள் படிப்பதற்கு, ‘இந்த வண்டி பிழைத்த விதம்’ என்று ஒரு பக்கம் வேண்டுமாம். வகுப்பில் தினமும் குறிப்பு எழுதுகிறவள் நான் ஒருத்திதான். என்னை அங்கே ‘டைரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை என் தலையில் விழுந்தது.

ஆகவே, நீங்கள் எங்கே நின்று இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். முன்சக்கரத்திலிருந்து இரண்டடி தூரத்தில். டயரை ஒரு முறை உதைத்தும் பார்த்திருப்பீர்கள். கதை எழுதுகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த வசதி கிடைக்கும்?

ஒரு பக்கம் என்றார்கள். தாண்டிவிட்டது. மன்னிக்க [அடித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கக் கூடாது என்று உத்தரவு. யாருடைய உத்தரவு என்பது 4-இல் வரும்.]

2

முதல் தொடக்கம்: “செங்கல் சூளைக்குப் பின்னால் பதினொரு வருடம் மழையில் நின்ற அந்த இரும்புக் குதிரை...”

குதிரை என்று எழுதியதும் பேனாவை வைத்துவிட்டேன். குதிரையாக இருந்தால் இழுத்தால் வந்திருக்கும். ஆறு பேர் தள்ளியும் இது அசையவில்லை. ஏர் ஃபில்டருக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

இரண்டாம் தொடக்கம்: “டீசல் இன்ஜின் வகுப்பில் நாங்கள் பதினாறு பேர்...” பதினாறு பேரையும் அறிமுகம் செய்து முடிப்பதற்குள் ஏலம் முடிந்துவிடும். இரண்டு பேர் போதும்.

ஒருவர் வெல்டர். பகலில் இரும்பு கேட் செய்கிறவர். மாலையில் கை செய்யும் வேலையைவிட வாய் செய்யும் வேலை அதிகம்.

இன்னொருவர் கிரீஸ் அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். கிரீஸ் கன்னை யாரிடமும் கொடுக்க மாட்டார், அதனால் அந்தப் பெயர். அவருடைய கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். சக்கர நாற்காலியை மடித்து, அவரைத் தாங்கி ஏற்றி, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஏலத்தில் வருவதைக் கொண்டு அந்த டயாலிசிஸ் மையத்துக்குச் சாய்தளம் வைத்த ஒரு வேன் வாங்கப் போகிறார்கள். நாங்கள் பதினைந்து பேர் நல்ல காரியத்துக்காக நட்டு முடுக்கினோம். அக்கா தன் கணவரை வீட்டு வாசலிலேயே வேனில் ஏற்றுவதற்காக முடுக்கினார். இரண்டும் ஒரே முடுக்கு இல்லை.

[இந்தக் கடைசி வாக்கியம் கொஞ்சம் அலங்காரமாக இருக்கிறதோ என்று சந்தேகம். ஆனால் உண்மை. அக்கா முடுக்கிய நட்டைக் கழற்ற வெல்டரே ஸ்பேனரில் குழாய் மாட்டித்தான் நெம்ப வேண்டியிருந்தது.]

3

இனி நடந்தது. இதை மூன்று முறை எழுதினேன்.

முதல் வரைவு: “பிரித்த பாகங்களின் மேல் எண் குத்தப்பட்டது.”

யார் குத்தியது என்று வாக்கியத்தில் இல்லை பாருங்கள். முதல் வாரம் பாகங்களில் அட்டை கட்டினோம். டீசலில் கழுவியதும் மை கரைந்து, அறுபது அட்டையும் வெறும் அட்டையாயின. அதன் பிறகுதான் நம்பர் பஞ்ச். எண் செதுக்கிய சின்ன உளி அது. இரும்பின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டினால் எண் பதிந்துவிடும். இன்ஜின் பிளாக் பதினேழாவது பாகம். அதன் இடப் பக்கம் மண்ணும் பழைய கிரீஸும் இறுகிக் கிடந்தன. ஓரத்தை மட்டும் துடைத்தபோது, ‘இங்கே குத்து’ என்று கூப்பிடுகிற மாதிரி ஒரு வழவழப்பான இடம். 17 குத்தப்பட்டது.

அந்த இடம் ஏன் வழவழப்பாக இருந்தது என்றால், தொழிற்சாலை தன் எண்ணைக் குத்துவதற்காக அதைத் தேய்த்து வைத்திருந்தது. மிச்ச அழுக்கைக் கழுவியபோது, என் 17-க்கு இடது பக்கத்தில் 20846 வெளியே வந்தது. என் கெட்ட நேரம், இரண்டும் ஒரே அளவு. ஒரே வரிசையில் 2084617. யாரும் கவனிக்கவில்லை. பெயிண்ட் அடித்தோம். ஏலக்காரர் படம் எடுத்தார். ஏல அட்டவணையிலும் ஏழு இலக்கமாகவே அச்சாகிவிட்டது.

பத்து நாள் முன்பு ஏலக்காரர், எங்களுக்கு வகுப்பு எடுக்கும் மாஸ்டருக்கு போன் செய்தார். மாஸ்டர் எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

“சார், ஏழு இலக்க நம்பர் அந்தக் கம்பெனி மூடுறதுக்கு முன்னாடி கடைசியா விட்ட கொஞ்சம் வண்டிக்குத்தான் உண்டாம். பழைய வண்டி சேக்கிறவர் ஒருத்தர் வந்து சொல்லிட்டுப் போறாரு. என்ன விலை போனாலும் விட மாட்டாராம்!”

வகுப்பே கத்தியது. அக்கா கிரீஸ் கையோடு என் கன்னத்தைக் கிள்ளினார். நான் கழுவப் போகிறேன் என்று வெளியே வந்து டைரியைப் புரட்டினேன். என் கையெழுத்தில், அடிக்கோடு போட்டு: 17 – இன்ஜின் பிளாக், இடப் பக்கம்.

இரண்டாம் வரைவு: “வெல்டர் குத்தினார்.” அதை டீ இடைவேளையில் மேசையில் விட்டுப் போனது என் தப்பு.

“என்னம்மா டைரி, கதையில என்னைக் குத்தவாளி ஆக்கிட்டியாமே?”

“கதாபாத்திரம்ணா அது. சும்மா.”

“சும்மாவா? நான் எழுதினதை எனக்கே படிக்கத் தெரியாது. நான் போய் அவ்வளவு அழகா நம்பர் குத்துவேனா? படிக்கிறவன் நம்ப வேண்டாமா?”

நியாயமான விமரிசனம். மூன்றாம் வரைவு: “நான் குத்தினேன்.” இரண்டே சொல். எழுத்தை எண்ணினால் மற்ற இரண்டு வரைவையும்விடச் சின்னது.

4

அக்காவிடம் சொன்னது செவ்வாய்க்கிழமை. முன் அச்சுக்கு கிரீஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். டைரியைக் காட்டினேன். எண்ணைக் காட்டினேன்.

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“வெல்டரண்ணன் பாதி. நீங்க முழுசு.”

“அப்ப வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு.”

“அக்கா...”

“என்னடி அக்கா? அந்த ஆளு வீட்டுல இதே மாதிரி பத்து நிக்கும். ஒண்ணுல ரெண்டு நம்பர் கூட இருந்தா அவர் குடி முழுகிடுமா? போன வாரம் கண்டக்டர் எங்க வீட்டுக்காரரைப் பாத்து என்ன சொன்னான் தெரியுமா? ‘சாமான் ஏத்துற வண்டி பின்னாடி வருது’ன்னான். அவர் காதுபடவே.”

[இந்த இடத்தில் நான் சொன்னதாக ஒரு பதில் எழுதியிருந்தேன். ஆறு வரி, நேர்மையைப் பற்றி. அடித்துவிட்டேன். அன்று நான் செய்தது வேறு. துணியை எடுத்துத் துடைத்த இடத்தையே துடைத்தேன்.]

புதன்கிழமை அக்கா வந்ததும் பையைக்கூட இறக்கவில்லை.

“நேத்து அவர்கிட்ட சொன்னேன். சிரிக்கிறாரு, மனுஷன்! ‘வேன் வந்தா வாரத்துல மூணு நாள் பக்கத்துல உக்காந்து இதையே புலம்பிப் புலம்பி என்னைக் கொன்னுடுவே. அதுக்கு பஸ்ஸே தேவலை’ங்கிறாரு.”

“அப்ப என்னக்கா செய்யறது?”

“எழுது. ஆனா மூக்கைச் சிந்திக்கிட்டு எழுதாதே. மன்னிப்பு, கின்னிப்பு ஒண்ணும் வேண்டாம். வண்டி நல்லா இருக்கு. அதையும் எழுது.” போய்விட்டு, மறுபடி வந்து: “நான் உன்னைத் திட்டினதை வேணா விட்டுடு.”

விடவில்லை, அக்கா.

5

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) வெல்டர் அந்த இரண்டு இலக்கத்தையும் அடைத்துத் தேய்த்துவிடுகிறார். “அஞ்சு நிமிஷ வேலை” என்று நிஜமாகவே சொன்னார். மாஸ்டர் தடுத்தார்: இப்போது இருப்பது தவறு, தேய்த்தால் பார்க்கிறவர்களுக்கு அது திருட்டு வண்டி.

ஆ) சேகரிப்பாளர் உண்மையைக் கேட்டு மனம் நெகிழ்ந்து, இரண்டு மடங்கு... இதை முடிக்கவே கை வரவில்லை.

இ) ஒருவரும் கை தூக்கவில்லை. இது மட்டும் ஒரே மூச்சில், ஒரு அடித்தல்கூட இல்லாமல் வந்தது. அதனாலேயே நம்பவில்லை. பயம் சரளமாக எழுதும்.

6

ஏலக்காரரிடம் மாஸ்டர் சொல்லிவிட்டார். ஏலத்துக்கு முன் திருத்தம் வாசிக்கப்படும். அந்தச் சேகரிப்பாளர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. அது நீங்களாகவே இருக்கலாம்.

இன்ஜின் எண் 20846. அரிய வண்டி இல்லை. இதே மாதிரி ஆயிரக்கணக்கில் வந்தன. பிஸ்டன் ரிங், பேரிங், கிளட்ச் தட்டு எல்லாம் புதிது. ஹைட்ராலிக் கொஞ்சம் மெதுவாகத் தூக்கும். பதினாறு பேர் ஏழு மாதம் வேலை செய்து, ஒரு பாகம்கூட மிஞ்சாமல் பூட்டிய வண்டி. இதை நான் சந்தேகமே இல்லாமல் எழுதுகிறேன், அறுபத்து மூன்று எண்ணும் டைரியில் இருக்கின்றன. இடப் பக்கம் போய்க் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். கடைசி இரண்டும் என்னுடையவை. ஏழு சற்றே சாய்ந்திருக்கும்.

நீங்கள் கை தூக்கினீர்களா என்ற வரியை நான் எழுதப்போவதில்லை.

பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நீலச் சட்டை போட்டு ஒரு பெண் நிற்கிறாரே, அவர்தான் கிரீஸ் அக்கா. ஸ்டார்ட் செய்து காட்டச் சொன்னால் காட்டுவார். இந்தத் தாள்களைக் கட்டித் தொங்கவிட்டதும் அவர்தான். எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கு அத்துப்படி. அவர் இப்போது வண்டியைப் பார்க்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்கிறார்.