ஐந்தாம் முனை

பசிபிக் கடலில் இருக்கும் எங்கள் துவாலுவுக்கு விடுதலை கிடைத்த வருஷம், கப்பல் எங்கள் தீவுக்குப் புதுக் கொடியைக் கொண்டுவந்தது. அதே கப்பலில் என் செமெசே நவுரு தீவுக்குச் சுரங்க வேலைக்குப் போகவேண்டும். போனால் திரும்பி வர வருஷக்கணக்காகும். அதனால் கப்பல் கிளம்புவதற்குள் எங்கள் கல்யாணம். பன்றியும் வெட்டியாயிற்று, புலாகா கிழங்கும் வெந்தாயிற்று.

கெடுத்தார் அந்த அதிகாரி. தலைநகரிலிருந்து வந்த மனுஷன், கொடியைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கக்கூடாதா? "ஒன்பது தீவு, ஒன்பது நட்சத்திரம். இது உங்களோடது" என்று ஒன்றைத் தொட்டுக் காட்டிவிட்டார்.

எங்கள் ஊரில் மீனானாலும் சரி, மழைத்தண்ணீரானாலும் சரி, வடக்குப் பக்கம், தெற்குப் பக்கம் என்று சரிபாதியாகப் பங்கு போட்டாக வேண்டும். நட்சத்திரத்துக்கோ ஐந்து முனை. ஆளுக்கு இரண்டு போனால் மிச்சம் ஒன்று யாருக்கு?

"மேல நிக்கிற முனை எங்களுக்கு" என்றார் என் அப்பா பெனியெலி. தெற்கின் தலைவர்.

"ஏன், ஏணி வெச்சு ஏறிப் பிடிச்சீங்களா?" என்றார் சிலிகா. வடக்கின் தலைவர், செமெசேயின் பெரியப்பா.

அதிகாரி பதறினார். "ஐயா, முனைக்கெல்லாம் அர்த்தம் கிடையாதுங்க. அது சும்மா நட்சத்திரம்."

"சும்மாவா? அப்ப நாங்க சும்மாவா?" இரண்டு கிழவர்களும் அவர்மேல் பாய்ந்தார்கள்.

முனை தீரும்வரை கல்யாணம் இல்லை, ஆட்டபாட்டப் போட்டியில் ஜெயிக்கிற பக்கத்துக்கே முனை என்று முடிவாயிற்று. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் ஊரில் கூத்தாடியும் நாங்களேதான். மரப்பெட்டியைத் தட்டித் தட்டி ஆடினார்கள். ஒவ்வொரு பாட்டு முடிவிலும் இரண்டு பக்கமும் "ஜெயிச்சோம்!" என்று கத்தியது. தோற்றோம் என்று சொன்ன பரம்பரையே இங்கே கிடையாது.

கப்பல் ஊதியது. மாப்பிள்ளை எங்கே? வடக்குக்காக ஆடிக்கொண்டிருந்தான், மடையன்!

"டேய், கப்பல் போகப்போகுதுடா!"

"இரு மெலாலி, இந்த ஒரு பாட்டு!"

எனக்கு வந்ததே ஆத்திரம்! கொடிக்குக் கயிறு தைக்கச் சொல்லி என்னிடம்தான் தந்திருந்தார்கள். கத்தரிக்கோலை எடுத்து, எங்கள் நட்சத்திரத்தின் மேல் முனையை நறுக்கென்று வெட்டினேன். பெட்டிச் சத்தம் நின்றது.

"துண்டை இங்க குடு" என்று இரண்டு பக்கமும் கை நீட்டியது. வாயில் போட்டு, இளநீரைக் குடித்து விழுங்கிவிட்டேன்.

அப்பாதான் முதலில் தேறினார். "எம் பொண்ணு தெக்குப் பொண்ணு. முனை எங்களுக்கு!"

"மோதிரம் மாட்டினா எங்க வீட்டு மருமக" என்றார் சிலிகா. "போதகரே, சீக்கிரம் வாங்க!"

"கல்யாணமே கிடையாது! முனையை வடக்குக்கு அனுப்பமாட்டேன்" என்றார் அப்பா.

முனையையாம்! பெற்ற மகளை அனுப்புவது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டினேன்.

"அப்பா, இன்னும் நாலு முனை பாக்கி இருக்கு. கத்தரிக்கோல் கையில இருக்கு. காலையிலேர்ந்து நான் ஒண்ணும் சாப்பிடல."

அப்பா கொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போதகர் எங்கப்பா?" என்று அவரே கூப்பிட்டார்.

மோதிரம் மாட்டிய கையோடு செமெசே படகில் ஏறினான். நான் கரையில் நின்று ஓவென்று அழுதேன். மேலே நாலு முனை நட்சத்திரத்தோடு கொடி பறந்தது.

அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "அஞ்சாவது முனை எங்கேன்னு மேலிடத்துல கேட்டா நான் என்னங்க சொல்றது?"

வடக்கும் தெற்கும் ஒரே குரலில் பேசி அன்றுதான் கேட்டேன்.

"அதுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு சொல்லுங்க."