ஆறு மணிக்குத்தான் ஐஸ்

மீன்பிடித் தடை முடிகிற அன்று விடிவதற்கு முன்பே காரைக்கால்மேட்டு ஐஸ் கம்பெனி வாசலில் வண்டிகள் வந்து நின்றுவிட்டன. இரண்டு மாதம் கரையில் கிடந்த விசைப்படகுகள் எல்லாம் அன்றைக்கு ராத்திரி புறப்பட வேண்டும். படகுக்கு டீசல் எப்படியோ அப்படித்தான் ஐஸும். ஒரு வாரம் கடலில் கிடக்கிற படகு, பிடித்த மீனை எதை நம்பி வைத்திருக்கும்?

உள்ளே குஞ்சிதபாதம் தொட்டியின் மூடுபலகையை நகர்த்திவிட்டுக் குனிந்து நின்றார். கையில் இரண்டடிக் கம்பி. உப்புத் தண்ணீரில் வரிசையாக இறங்கியிருந்த டப்பாக்களில் ஒன்றைப் பார்த்து, நட்டநடுவில் கம்பியை வைத்து அழுத்தினார். மேலே வெள்ளைவெளேரென்று இறுகியிருந்த ஐஸ், உள்ளே வாழைத்தண்டு மாதிரி கம்பியை வாங்கிக்கொண்டது. உருவியதும் ஓட்டையில் தண்ணீர் ஊறி வந்தது. அடுத்த வரிசையில் பார்த்தார். கடைசி வரிசையில் பார்த்தார். எல்லாம் ஒரே கதைதான். முதல்நாள் கரண்டு ஆறு மணி நேரம் போயிருந்தது. ஜெனரேட்டரும் பாதியில் மக்கர் பண்ணி நின்றுவிட்டது.

"அண்ணே, வெளியில சிவராமன் சத்தம் போடுறாரு. மொத வரிசையைத் தூக்கிடவா?" என்றான் டப்பா தூக்கும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்த நூகு.

"தூக்காத."

"நான் டப்பாவைத் தூக்கலேன்னா அவரு என்னைத் தூக்கிருவாருண்ணே."

குஞ்சிதபாதத்துக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. சிவராமன் ஆறு விசைப்படகுக்குச் சொந்தக்காரர். கம்பெனி போடும் ஐஸில் பாதி அவருக்குத்தான் போகும்.

இருபத்தாறு வருஷம் இதே தொட்டியில் டப்பா இழுத்தவர் குஞ்சிதபாதம். வலது தோள் இறங்கிப்போனது அதனால்தான். நாற்பத்து மூன்று வயது வரைக்கும் கைநாட்டு. அதற்கப்புறம் இரண்டு தடைக்காலம், வேலை இல்லாத மதிய நேரங்களில் தலத்தெரு தொழிலாளர் சங்க ஆபீஸில் உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டார். இந்தப் பொங்கலுக்கு முதலாளி சேக் அலாவுதீன் அவரை ஷிப்டு பொறுப்பாளர் ஆக்கினார். மே மாதம் கம்பெனி மூடிக் கிடந்தபோது டவுனில் ஒரு ஹாலில் மேனேஜர்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடந்தது. முதலாளி பணம் கட்டி அவரையும் அனுப்பினார்.

ஏசி ஹால். பதினாலு பேர். ஜவுளிக்கடை, ரைஸ்மில், பெட்ரோல் பங்க் என்று எல்லாரும் சட்டையை உள்ளே விட்டு ஷூ போட்டு வந்திருந்தார்கள். பாடம் எடுத்தது பஹீமா என்கிற பெண். திருமலைராயன்பட்டினத்துப் பிள்ளை, சென்னையில் இதே வேலையாக இருக்கிறாள். எல்லாரையும் சார் போட்டுத்தான் கூப்பிட்டாள். "குஞ்சிதபாதம் சார், நீங்க சொல்லுங்க" என்று அவள் கேட்டபோது, அவர் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டார்.

இரண்டாம் நாள் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தாள். வேலையில் நீங்கள் எடுத்த ஒரு முடிவு, அப்போது உங்களுக்குத் தெரிந்தது என்ன, தெரியாதது என்ன, கடைசியில் உங்கள் பெயர். அவ்வளவுதான் எழுத வேண்டும்.

"தெரியாததை எழுதிக் குடுத்தா நம்மள எவன் மேடம் மதிப்பான்?" என்றார் ஜவுளிக்கடை மேனேஜர் கார்த்திகேசன்.

"எழுதாம விட்டா அது இல்லாம போயிடுமா சார்?" என்றாள் பஹீமா.

எல்லாரும் எழுதிக் கொடுத்தாயிற்று. குஞ்சிதபாதம் மூன்றாவது வரியில் இருந்தார். கார்த்திகேசன் எட்டிப் பார்த்தார். "அண்ணன் எழுதி முடிக்கிறதுக்குள்ள கம்பெனி ஐஸ் பூரா உருகிரும்போல."

"உருகாதுங்க. நான் புடிச்ச ஐஸு" என்றார் குஞ்சிதபாதம், பேனாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பஹீமா தாள்களை வாங்கிப் படித்தாள். பாதிப் பேர் எழுதியிருந்தது கீழே வேலை பார்க்கிறவர்களின் தப்பு. குஞ்சிதபாதத்தின் தாளை மட்டும் அவரிடம் கேட்டுவிட்டுச் சத்தமாகப் படித்தாள்: 'போன வருசம் தொட்டியில் உப்பு குறைச்சல் என்று எனக்குத் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை என்று சும்மா இருந்துவிட்டேன். நானூறு பார் ஐஸ் இறுகாமல் வீணாயிற்று. சும்மா இருந்தது என் முடிவு. கு. குஞ்சிதபாதம்.'

கார்த்திகேசன் தன் தாளைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு மறுபடி எழுத உட்கார்ந்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது மனைவி அன்னபூரணி, "என்ன, மொகமெல்லாம் கல்யாண மாப்பிள்ளையாட்டம் இருக்கு?" என்று கேட்டாள்.

அதெல்லாம் ஹாலோடு சரி. இப்போது வாசலில் நிற்பது சிவராமன்.

போன் அடித்தது. முதலாளி நாகூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பின்னால் ஒரே கூச்சல்.

"என்ன குஞ்சிதம், சிவராமன் எனக்குப் போன் போட்டுக் கத்துறாரு. ஐஸ் குடுக்க மாட்டேன்றியாமே?"

"நடுவுல இறுகல மொதலாளி. கடல்ல ரெண்டு நாள் தாங்காது."

"அவரு கேக்குறாரு, குடுத்துட்டுப் போயேன். இன்னிக்கி விட்டா அவரு அடுத்த கம்பெனிக்குப் போயிடுவாரு."

"குடுத்து, மீனு அழுகி வந்தாலும் அடுத்த கம்பெனிக்குத்தான் போவாரு மொதலாளி. நம்ம பேரையும் கெடுத்துட்டுப் போவாரு."

"பாரு, நான் இங்கேருந்து ஒண்ணும் பண்ண முடியாது. பொறுப்பு ஒங்கிட்ட. சரியா வரலேன்னா நாளையிலேருந்து நீ பழையபடி டப்பா இழுக்கப் போயிட வேண்டியதுதான். அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது."

போனை மடியில் செருகிக்கொண்டார். இந்தத் தோளை வைத்துக்கொண்டு இனி ஒரு மாதம் டப்பா இழுக்க முடியாது. அது முதலாளிக்கும் தெரியும். கொடுத்தால் தப்பு, கொடுக்காவிட்டால் வேலை போகும். வாசலுக்கும் தொட்டிக்கும் இரண்டு தடவை நடந்தார்.

அப்போது வாசல் கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு அமுதம் உள்ளே வந்தாள். தடை இல்லாத சின்ன ஃபைபர் படகுகள் கொண்டுவரும் மீனைத் தெருத்தெருவாகக் கூடையில் விற்கிறவள். "யாரு எவ்வளவு கேட்டாலும் எனக்கு அரை பார் போடுங்கண்ணே. வெயில் ஏறுது."

"இன்னிக்கி ஐஸ் இறுகல அமுதம். உள்ள தண்ணியா கெடக்கு."

"இருந்துட்டுப் போவட்டும். எம் மீனு மத்தியானத்துக்குள்ள வித்துரும். விக்கலேன்னா நானே கொழம்பு வச்சுத் தின்னுருவேன். ஐஸ்ஸு என்ன, எங்கூட ஒரு வாரம் குடித்தனமா பண்ணப்போவுது?"

நூகு சிரித்தான். குஞ்சிதபாதம் அப்படியே நின்றார். கொடுக்கலாமா வேண்டாமா என்று மட்டும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று கேளுங்கள் என்று பஹீமா மூன்று நாளும் சொன்னது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தாளில் எழுதிக்கொண்டபோது கூட அது வெறும் வரியாகத்தான் இருந்தது.

"நூகு, முன்வரிசை முப்பது டப்பாவைத் தூக்கு. மத்ததுல கை வைக்காத."

வாசல் பக்கத்தில் ஒரு கரும்பலகை தொங்கும். 'ஐஸ் உண்டு' அல்லது 'ஐஸ் இல்லை', இந்த இரண்டைத் தவிர அதில் வேறு எதுவும் எழுதி யாரும் பார்த்ததில்லை. குஞ்சிதபாதம் அதைத் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் பிடித்து மெதுவாக எழுத ஆரம்பித்தார். பின்னால் கூட்டம் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தது.

'இன்று ஐஸ் இரண்டு விதம். உள்ளே இறுகாத ஐஸ் இப்போதே கிடைக்கும். மீன் கூடைக்கும், அன்றே திரும்பும் ஃபைபர் படகுக்கும் மட்டும். விசைப்படகுக்கு மாலை ஆறு மணிக்குத்தான் ஐஸ். காரணம்: நேற்று கரண்டு இல்லை. தெரியாதது: இன்றும் போகுமா என்று. முடிவு எடுத்தது: கு. குஞ்சிதபாதம்.'

"அடேங்கப்பா!" என்றார் சிவராமன். "தெரியாதுன்னு போர்டு போட்டு ஏவாரம் பண்ற ஒரே கம்பெனி இதுதான். மொதலாளியே குடுக்கச் சொல்லிட்டாரு, நீ யாருய்யா நடுவுல?"

"அடியில போட்டிருக்கேனே, படிங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிவராமனுக்கு முகம் சிவந்தது. குஞ்சிதபாதம் சிரிக்காமல் கம்பியை அவரிடம் நீட்டினார். "நீங்களே வந்து குத்திப் பாருங்க. பாத்துட்டும் இதான் வேணும்ன்னா ஏத்திக்கிட்டுப் போங்க, நான் மறிக்கல. பாக்காம குடுக்க மாட்டேன்."

சிவராமன் தொட்டி மேல் ஏறிக் குத்தினார். ஒன்று, இரண்டு, ஐந்து டப்பா. கம்பியில் ஒட்டிய தண்ணீரைக் கைலியில் துடைத்தார். கீழே இறங்கி இரண்டு வண்டியை மட்டும் வேறு கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, மற்ற நாலையும் வேப்பமரத்து நிழலில் நிறுத்தச் சொன்னார்.

மூன்றரை மணிக்குக் கரண்டு போயிற்று.

வேப்பமரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று கம்பெனியைப் பார்த்தார்கள். ஐம்பது நிமிஷம் கழித்துக் கரண்டு வந்ததும் குஞ்சிதபாதம் முதலில் போனது தொட்டிக்கு. கம்பி விட்டுப் பார்த்தார். அடுத்துப் போனது பலகைக்கு. ஆறை அழித்துவிட்டு ஏழு என்று எழுதினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினார்.

"ஏழுன்னா ஏழா, இல்ல எட்டாவுமா?" என்றார் சிவராமன். கோபம் குறைந்திருந்தது.

"இனிமே கரண்டு போவலேன்னா ஏழுங்க."

ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நூகு முதல் டப்பாவைத் தூக்கிக் கவிழ்த்தான். நீளமாக, கண்ணாடி மாதிரி, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் ஓட ஒரு பார் சறுக்கி வந்து நின்றது. குஞ்சிதபாதம் நடுவில் கம்பியை ஊன்றினார். கம்பி டங்கென்று எகிறியது. சிவராமன் பக்கத்தில் வந்து, அந்தப் பார் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தார்.

"ஏத்துங்கப்பா" என்றார். அப்புறம், "போன ரெண்டு வண்டிக்காரன்கிட்டயும் பேசுனேன். அங்க இன்னும் வரிசையிலதான் நிக்கிறானுவோ. திரும்பி வரச் சொல்லிருக்கேன். ஐஸ் இருக்கும்ல குஞ்சிதபாதம்?"

"ஒரு வண்டிக்கு இருக்குங்க. இன்னொண்ணு காலையிலதான்."

"காலையிலன்னா காலையில."

நாலாவது வண்டி ஏறிக்கொண்டிருக்கும்போது முதலாளி போன் செய்தார். கல்யாணச் சத்தம் இல்லை. பலகையைப் படம் பிடித்து நூகு அனுப்பியிருக்கிறான்.

"போர்டைப் பாத்தேன்" என்றார் சேக் அலாவுதீன். ஒரு தடவை இருமினார். "நாளைக்கும் கரண்டு போவும்ங்கிறாங்க குஞ்சிதம். நாளைக்கு என்ன பண்ணலாம்?"

இருபத்தாறு வருஷமாகத் தூக்கு, இழு, போடு என்பதை மட்டுமே கேட்டுவந்தவர் காதில், இந்தக் கம்பெனியில் அதுவரை விழாத பேச்சு அது. குஞ்சிதபாதம் வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இப்பச் சொல்ல முடியாது மொதலாளி. காலையில தொட்டியைப் பாத்துட்டுச் சொல்றேன்."

"சரி, பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார் முதலாளி.