எண்பதாவது சுற்று

அறுபத்தொன்றுவரை சரியாகத்தான் எண்ணினேன். இசைக்குழு மேடையின் கடைசி வரிசையில், ஒன்றோடொன்று மோதி அடிக்கும் இரண்டு பெரிய பித்தளைத் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். தாளம் எண்பது சுற்று ஓடும்வரை சும்மா நிற்க வேண்டும். எண்பதாவது முடிந்ததும் ஒரே ஒரு அடி. இருபத்தாறு வருட உத்தியோகத்தைக் கூட்டிப் பார்த்தால் அடித்ததைவிட நின்றதே அதிகம். சும்மா நிற்பதற்கும் படிப்பு வேண்டும் என்று சொல்லித்தான் இசைப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். பிள்ளைகளும் நம்புகிறார்கள், பாவம்.

முன்பெல்லாம் எழுபதாவது சுற்றில் புல்லாங்குழல் வந்து எண்ணிக்கை சரி என்று சொல்லிவிட்டுப் போகும். இப்போது எனக்கு அது விரல் ஆடுவதாக மட்டும் தெரிகிறது. போன வாரம் ஒத்திகையில் ஒரு சுற்று முந்தி அடித்துவிட்டேன். "கச்சேரியில இது நடந்தா, அடுத்த மாசம் வேற ஆளப் பாத்துக்குவோம் சார்," என்றார் மேலாளர், மிகுந்த மரியாதையோடு. எங்கள் இசை நடத்துநரோ கண்ணை மூடிக்கொண்டு கையிலுள்ள கோலை ஆட்டுபவர். கடைசி வரிசைக்குக் கை காட்டும் வழக்கம் அவருக்கில்லை.

ஆறு மாதமாக எனக்குக் கை காட்டுவது என் மனைவியின் தலை. அவள் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை வாசிப்பவள்; அந்த வரிசையில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். சரியான இடத்தில் லேசாக ஆட்டுவாள், நான் அடிப்பேன். போன வார ஒத்திகைக்கு அவள் வரவில்லை.

இன்று காலையில் செருப்பு மாட்டும்போது சொன்னாள்: "காது கேக்கலன்னு ஆபீஸ்ல சொல்லிடுங்க. இனிமே நான் தலையாட்ட மாட்டேன்."

"கேக்காம இல்ல. கொஞ்சம் லீவுல இருக்கு."

"விளையாடாதீங்க."

"கல்யாணத்தன்னிக்கு ஒரு தடவ ஆட்டினியே, அந்த வருத்தமா?"

அவள் சிரிக்கவில்லை. "நேத்து உங்ககிட்ட படிக்க வந்த அந்தப் பொண்ணு முழுசா தப்பா வாசிச்சா. பக்கத்து ரூம்ல எனக்கே கேட்டுச்சு. நீங்க பிரமாதம்மான்னு சொல்லி அனுப்புறீங்க. அவ அதை நம்பிக்கிட்டு தேர்வுக்குப் போவா. அதுக்கு என்ன ஜோக் வெச்சிருக்கீங்க?"

நான் குனிந்து செருப்பு வாரை மாட்டினேன். மேடையில் அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்துக்கொண்ட இடத்தில்தான் அறுபத்தொன்றுக்குப் பிறகு எண்ணிக்கை கைநழுவியது.

இப்போது எழுபத்தாறு. அல்லது எழுபத்தேழு. வயலின்காரர்களின் வில்கள் வேகம் பிடித்தன. எப்படியும் தூக்கியாக வேண்டும். தூக்கினேன். தூக்கிய தட்டை அடிக்காமல் இறக்கினால் அரங்கம் முழுக்கத் தெரியும். தப்பாக அடித்தால் தெருவுக்கே தெரியும். தட்டுகளின் கனத்தில் விளிம்புகள் ஒன்றையொன்று தொடப் பார்த்தன. சற்று விலக்கிப் பிடித்தேன்.

இரண்டு தட்டுகளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதன் வழியே வயோலா வரிசை தெரிந்தது. அவள் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்ன சொல் மாறாமல் தலை அசையாமல் இருந்தது. ஆனால் வயோலாவுக்கு மேலே அவள் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. எந்த எண் என்பது இங்கிருந்து தெரியவில்லை.