வடக்கே வைத்த சூரியன்

வில்மார் இன்றும் தெற்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். இன்றும் தெற்குதான் ஜெயித்தது.

மற்றவர்கள் கைதட்டினார்கள். யானினா கணினித் திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரமாக மனதை அரித்த சந்தேகம் இப்போது வாய் வரைக்கும் வந்திருந்தது.

உருகுவே நாட்டின் மொந்தெவிதேயோ நகரில் பழைய வீடொன்றின் முன்னறைதான் அவர்களுடைய அலுவலகம். ஆறு பேர் சேர்ந்து ஒரு டாங்கிச் சண்டை வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார்கள். சண்டை நடக்கும் களங்களை வடிவமைப்பது யானினாவின் வேலை. பகலில் மருந்துக்கடையில் நின்றுகொண்டே மாலை வகுப்பில் இதைப் படித்து வந்தவள். இப்போது ஆடிப் பார்த்த துறைமுகம்தான் அவளுடைய முதல் களம்.

காகிதத்தை நடுவில் மடித்து எடுத்தது போல அதைச் செய்திருந்தாள். வடக்கே ஒரு கிடங்கு என்றால் தெற்கேயும் அதே உயரத்தில் ஒரு கிடங்கு. அங்கே ஒரு சந்து என்றால் இங்கேயும் ஒரு சந்து. நடுவில் வெட்டவெளியாக ஒரு சதுக்கம். சுவர்களை எல்லாம் திரும்பத் திரும்ப அளந்து பார்த்தாயிற்று. அப்படியும் தெற்குதான் ஜெயிக்கிறது என்றால் என்ன அர்த்தம்? ஒன்று, தனக்கு வேலை தெரியவில்லை. இல்லையென்றால் யாரோ அழுகுணி ஆட்டம் ஆடுகிறார்கள். முதலாவதை அவளால் சுலபமாக நம்ப முடிந்தது. அந்தப் பயத்திலேயே இரண்டாவதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு சாயங்காலம் கடைசி டெஸ்ட்," என்றாள் மாரிசா. நிறுவனம் அவளுடையது. தினமும் வில்மாருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தெற்கு அணியில் ஆடுபவள். "மறுபடி ஒரே பக்கம் சாஞ்சுதுன்னா துறைமுகத்தத் தூக்கிட்டு வில்மார் செஞ்ச பனிமலை மேப்பப் போட்டுருவேன். வருத்தப்படாத யானி. வேற வழியில்ல."

வில்மாரின் பனிமலை! யானினாவுக்குச் சுருக்கென்றது. புரோகிராம் எழுதுபவன் அவன்தான். சுவருக்குப் பின்னால் நிற்கும் டாங்கி தன் திரையில் மட்டும் தெரியும்படி செய்துகொள்ள அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சந்திலிருந்து எதிரி தலைநீட்டும் முன்பே அவன் பீரங்கி அந்தப் பக்கம் திரும்பிக் காத்திருக்கிறதே. அதை அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள்.

மதியம் நைசாகக் கேட்டுப் பார்த்தாள். "ஒரு தடவ வடக்கே ஆடேன், வில்மார்."

"ஐயோ, என்ன விடு தாயே."

"ஏன்?"

"தெரிஞ்சே போய்ச் சாகச் சொல்றியா? மேப்ப செஞ்சவ நீ, என்னப் போய் ஏன்னு கேக்குற." சொல்லிவிட்டுக் கண்ணடித்தான்.

அந்தக் கண்ணடிப்புதான் அவளை உறுத்தியது. நேரே மாரிசாவின் மேஜைக்குப் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "வில்மார் சுவத்துக்கு அந்தப் பக்கம் பாக்குறான்னு தோணுது."

"கையும் களவுமாப் பிடிச்சியா?"

"இல்ல."

"அப்ப பிடிச்சிட்டு வா. சும்மா ஒருத்தன் மேல பழி போடக்கூடாது."

கடைசி டெஸ்டுக்கு முன்னால் ஒரு பயிற்சி ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. சமையலறையில் கெட்டில் கத்தியது. வில்மார் தன் டாங்கியைச் சதுக்கத்தின் ஓரத்தில் அப்படியே நிறுத்திவிட்டு, மாத்தே என்ற இலைத் தேநீருக்கு வெந்நீர் எடுக்க ஓடினான். யானினா அவன் நாற்காலியில் நழுவி உட்கார்ந்தாள். ஆட்டத்தைத் தவிர வேறு ஏதாவது ஓடுகிறதா என்று தேடினாள். ஒன்றுமே இல்லை. மறுபடி தேடினாள். இல்லை.

சலித்துப்போய் ஆட்டத்துக்குத் திரும்பினாள். எதிரே வடக்குச் சந்தின் வாய் தெரிந்தது. சந்துக்குள் என்ன இருக்கிறதென்று இங்கிருந்து தெரியாது. ஆனால் சந்து வாயில், சதுக்கத்தின் தரையில், நீளமாகக் கறுப்பாக ஒன்று ஊர்ந்து வந்தது. பீரங்கிக் குழலின் நிழல். அது வந்து சேர்ந்து சற்று நேரம் கழித்துத்தான் டாங்கி வெளியே வந்தது.

"என் சீட்டுல என்ன தேடுற? புதையலா?"

பின்னால் வில்மார், கையில் பிளாஸ்க்கோடு. யானினா எழுந்திருக்கவில்லை. திரையைக் காட்டினாள். "இது உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"நிழலா? மொத நாள்லேர்ந்து. நீ வேணும்னே வச்சதுதானே?" அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கியது. "வைக்கலயா?"

அவள் வைக்கத்தான் வைத்திருந்தாள், யோசிக்காமல். பூமத்திய ரேகைக்கு வெகு தெற்கே இருக்கும் அவர்கள் ஊரில் சூரியன் வடக்கேதான் சாய்ந்திருக்கும்; குளிர்கால வெயில் அவர்கள் வீட்டு முற்றங்களில் எப்படி விழுமோ அப்படி, சூரியனை வடக்கே தாழ்வாக மாட்டியிருந்தாள். அந்த அறையில் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. கிடங்குகளையும் சந்துகளையும் இரண்டிரண்டாக வைத்தவள் சூரியனை ஒன்றுதான் வைக்க முடியும். வடக்கே இருந்து வருகிறவனை அவன் நிழலே முன்னால் போய்க் காட்டிக்கொடுத்தது. தெற்கே இருந்து போகிறவனுக்கு நிழல் முதுகுக்குப் பின்னால்.

"ஏன்டா சொல்லல?"

"முதலாளியம்மா தெக்கே ஆடுறாங்க. அவங்கள ஜெயிக்க வைக்க நீ பண்ண வேலைன்னு நெனச்சேன்."

"சீ! என்னப் பத்தி அப்படியா நெனச்ச?"

"நீ மட்டும்? என் மெஷின்ல ஜெபப் புத்தகமா தேடுன?"

யானினா எழுந்தாள். தன் இடத்துக்குப் போய்ச் சூரியனைப் பிடித்து மேற்கே, துறைமுகத்தின் ஆற்றுப் பக்கமாக இழுத்து வைத்தாள். இப்போது இரு தரப்புக்கும் நிழல் பக்கவாட்டில் விழுந்தது.

மாலையில் இரண்டு ஆட்டம். முதலாவதில் தெற்கு ஜெயித்தது, இரண்டாவதில் வடக்கு. "அப்பாடா, துறைமுகம் கேமுக்குள்ள!" என்றாள் மாரிசா.

யானினாவுக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் தெற்கே ஆடிய வில்மாரின் டாங்கி சதுக்கத்தின் நடுவில் போய், விலாவைக் காட்டிக்கொண்டு நின்றது.

"வேணும்னே செத்தியா?"

"உன் துறைமுகம் ஜெயிச்சாச்சுல்ல. விடேன்."

"பாவம்னு விட்டுக்கொடுத்தியா?"

அவன் பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"மாரிசா, இது செல்லாது," என்றாள் யானினா. "நானும் இவனும் மட்டும் ஆடுறோம். பக்கம் மாத்தி ரெண்டு ஆட்டம். இவன் தெக்கே மட்டும் ஜெயிச்சான்னா துறைமுகத்த எடுத்துருங்க."

"கைக்கு வந்ததத் தட்டி விடுறியே, பொண்ணே."

"நீ ஒழுங்கா ஆடணும்," என்று வில்மாரிடம் சொன்னாள்.

"அப்புறம் அழக்கூடாது."

தெற்கே அவன் உட்கார்ந்தான். கிடங்கைச் சுற்றி வந்து அவளைப் பின்னாலிருந்து அடித்தான். பக்கம் மாறினார்கள். இப்போது யானினா தெற்கே. சந்துக்குள் பதுங்கித் தரையையே பார்த்தபடி இருந்தாள். எந்த நிழலும் வரவில்லை. திடீரென்று வடக்கே இருந்து ஒரு குண்டு. திரை சிவந்து, அவள் டாங்கி எரிந்தது.

இரண்டு பக்கமும் அவனே ஜெயித்திருந்தான். யானினாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மேப் நல்லாத்தான் இருக்கு," என்றாள் மாரிசா, கிளம்புவதற்காகக் கோட்டு மாட்டிக்கொண்டே. "உனக்குத்தான் சுடத் தெரியல."